சுவரை விட்டு இறங்கிய நெசவு

இலண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கம்பளம் இருக்கிறது. அர்தபீல் கம்பளம் என்பது அதன் பெயர். ஈரானின் அர்தபீல் நகரில் அடங்கியுள்ள ஷைகு ஸஃபியுத்தீன் அவர்களின் தர்காவில் விரிப்பதற்காக நெய்யப்பட்டது என்று கருதப்படுவது. பத்தரை மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்டது. அதன் ஓரத்தில் ஒரு சிறு கட்டத்துள் ஹாஃபிஸின் கவிதை வரிகளும், அவற்றின் கீழே மக்ஸூத் காஷானி என்ற பெயரும், ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. கி.பி. கணக்கில் அது 1539–40. கடல் கடந்து வந்த அந்தக் கம்பளத்தை 1893 ஆம் ஆண்டு, வில்லியம் மோரிஸ் என்ற கலைஞரின் பரிந்துரையின் பேரில், 2000 பவுன் கொடுத்து அருங்காட்சியகம் வாங்கியது. வாங்கியவர்கள் அதனைச் சுவரில் தொங்கவிட்டார்கள்.

தரையில் விரித்துக் குனிந்து நோக்கவேண்டிய கம்பளம் அது. அதன் நடுவில் ஒரு பெரிய பதக்கம். அதனின்று தொங்குவன போல் இரு விளக்குகள். அவ்விளக்குகள் இரண்டும் ஒத்த அளவின அல்ல. ஒரு முனையில் அமர்ந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒத்துத் தோன்றவேண்டும் என்று எண்ணியே அவ்வாறு அமைத்தனரோ என்று ஆய்ந்தோர் சிலர் கருதினர். சுவரில் ஏறிய கம்பளத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. அங்கே அது ஓர் ஓவியமாகிவிட்டது. பல்லாண்டுகள் அவ்வாறே தொங்கிய பின், 2006 ஆம் ஆண்டிலேதான் அதனை இறக்கித் தரை மட்டத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் விரித்தார்கள். சாயம் மங்கிவிடக்கூடாதே என்பதற்காக அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடங்கள் மட்டுமே விளக்கேற்றிக் காட்டுகிறார்கள்.

நெய்த பொருள் அயல்நாடு செல்லும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பொருள் மாறுவதில்லை, அதனை எங்கே வைக்கிறார்கள், என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பவை மாறுகின்றன. அம்மாற்றத்தில் பொருளே வேறாகிவிடுகிறது. கம்பளத்திற்கு வாய் இல்லை. மக்ஸூத் காஷானியும் மறைந்து போனார். ஆனால், நெய்தவரே உயிருடன் உடன்சென்று, தம் நெசவை எங்கே எப்படி நிறுத்தவேண்டும் என்று வாதாடினால் என்னவாகும்? சென்ற நூற்றாண்டில் அவ்வாறு வாதாடியவர் போலந்து நாட்டின் மக்தலேனா அபாகனோவிச் அம்மையார். அவர் வென்றாரா என்பதே இக்கட்டுரையின் வினா. பாதி வென்றார், பாதியை விட்டுக்கொடுத்தார் என்பது என் கருத்து. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவருடைய படைப்புகளை நான் நிழற்படங்களின் வழியாகவே அறிவேன். சுற்றி நடந்து பார்க்கவேண்டிய பொருளைத் தாளில் பார்த்து எழுதுபவனின் குறை இக்கட்டுரையில் இருக்கத்தான் செய்யும்.

அம்மையார் 1930 ஆம் ஆண்டு வார்சாவுக்கு அருகிலுள்ள ஃபலென்ட்டி என்னும் ஊரில், நிலவளம் மிக்க குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வழியில் அவர்கள் தாத்தாரியர். லித்துவேனியப் பேரரசின் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டு முதல், அந்நாட்டில் குடியேறிய தாத்தாரிய முஸ்லிம்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். குருஷினியானி, போஹோனிக்கி என்னும் இரு போலந்துச் சிற்றூர்களில் மரத்தால் கட்டிய அவர்களுடைய பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. காலப்போக்கில் அவர்களுள் பல குடும்பங்கள் போலந்தியராகவே மாறிக் கிறிஸ்தவத்தைத் தழுவின. அபாகனோவிச் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தங்கள் குலப்பெயர் அபாகா கானிடமிருந்து வந்தது என்பது அக்குடும்பத்தில் வழங்கிய கதை. அபாகா யார்? 1258 ஆம் ஆண்டு பாக்தாதை அழித்தானே ஹுலாகு, அவனுடைய மகன், செங்கிஸ்கானின் கொள்ளுப்பேரன். அந்த அபாகாவின் தம்பியே அஹ்மத் என்று பெயர் சூடி இஸ்லாத்தைத் தழுவினார் என்பதும், அபாகாவின் பேரன் காஸான் 1295 இல் முஸ்லிமானபின் அவ்வரசே முஸ்லிம் அரசாயிற்று என்பதும் வரலாறு. கதை மெய்யோ பொய்யோ, அந்தப் பெயருக்கு இக்கட்டுரையில் பின்னர் ஒரு வேலை இருக்கிறது.

போர் வந்தது. 1943 ஆம் ஆண்டு வீட்டிற்குள் புகுந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் சுட்டதில் அவருடைய தாயார் ஒரு கையை இழந்தார். மகளுக்கு அப்போது வயது பதின்மூன்று. மறுஆண்டு வார்சாவில் எழுந்த கிளர்ச்சியின்போது காயமுற்றோருக்குப் பணிவிடை செய்யும் வேலை அவருக்கு வாய்த்தது. போருக்குப்பின் பொதுவுடைமை அரசு வந்தது. நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்ததே குற்றமாயிற்று. 1954 இல் வார்சா நுண்கலைக் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1960 இல் அந்நகரின் ஒரு கூடத்தில் அவருடைய முதல் தனிக்கண்காட்சிக்கு ஏற்பாடாயிற்று. வடிவத்தையே போற்றும் கலை, மக்களுக்குப் பயன்படாதது என்று சொல்லித் திறக்குமுன்பே அதிகாரிகள் அதனை மூடிவிட்டார்கள்.

மூடிய கண்காட்சியால் ஒரு நன்மை விளைந்தது. மரியா வாஷ்கியேவிச் என்ற மூத்த நெசவுக் கலைஞர் அவருடைய படைப்புகளைக் கண்டு, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடக்கவிருந்த முதல் அனைத்துலகத் திரைச்சீலைக் கண்காட்சிக்குரிய பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கச் செய்தார். சொந்த நகரத்தில் கதவு அடைபட்டவருக்கு அயல்நாட்டின் கதவு இவ்வாறு திறந்தது. ஆனால் நெய்வதற்குத் தறி? வாஷ்கியேவிச் அம்மையாரின் வீட்டு நிலவறையில் இருந்தது. அபாகனோவிச் வாழ்ந்ததோ ஓர் அறைக் குடியிருப்பு. லோசானின் விதியோ, அனுப்பும் படைப்பு பன்னிரண்டு சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது. நெய்ய நெய்யச் சுருட்டிக்கொண்டே போகவேண்டும். முழுவதையும் விரித்துப் பார்க்க வீட்டில் இடம் ஏது? தம் கையால் நெய்ததை முழுமையாகக் காண்பதற்கே ஒரு கலைஞர் தம் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

லோசான் கண்காட்சியின் பின்னணியைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர் ழான் லூர்ஸா என்ற பிரெஞ்சு ஓவியர். பிரான்சு நாட்டின் ஓபுஸ்ஸோன் நகரத் தறிகள் நலிந்து கிடந்த காலத்தில் அவற்றுக்கு மீண்டும் உயிரூட்டியவர். அவருடைய முறை யாதெனில், ஓவியர் முழு அளவில் ஒரு மாதிரிச் சித்திரம் வரைவார். எந்த இடத்தில் எந்த நிற நூல் என்பதற்கு எண் குறிப்பார். தறியில் அமர்ந்தவர் எண்ணைப் பார்த்து நெய்வார். சிந்தனை ஒருவருடையது, கை மற்றொருவருடையது. ஓவியரின் பெயர் மூலையில் இடம்பெறும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நிலவிய ஏற்பாட்டின் செம்மைப்படுத்திய வடிவம்தான் இது. அந்த ஏற்பாட்டில் நெசவு என்பது ஓவியத்தை நூலில் பெயர்த்து எழுதும் வேலை. மொழிபெயர்ப்பாளனுக்கு உள்ள மதிப்பே நெசவாளனுக்கும்.

1962 இல் அக்கூடத்திற்குப் போலந்தியர் வந்தனர். அபாகனோவிச் மட்டுமல்லர், யோலாந்தா ஓவித்ஸ்கா, வோய்ச்சியெக் சாட்லே போன்றோரும் இருந்தனர். இவர்களிடம் மாதிரிச் சித்திரம் இல்லை. இவர்களே தறியில் அமர்ந்து, பாவுக்கு இடையே ஊடை செல்லும்போதே அடுத்த வரியை முடிவு செய்தவர்கள். அபாகனோவிச் அனுப்பியது ‘வெண்ணிற வடிவங்களின் அமைப்பு’ என்னும் படைப்பு. ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம். பருத்திக் கயிறும் கம்பளி நூலும் கலந்து, ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் நெய்தது. வெண்மை என்று சொல்கிறோம்; ஒரே வெண்மை அல்ல, எலும்பின் வெண்மையும், வெளுக்காத துணியின் வெண்மையும், சாம்பல் ஓடிய வெண்மையும் அருகருகே நிற்கின்றன. இழையின் தடிமனே நிழலை உண்டாக்குகிறது. நிழலுக்கென்று தனிநிறம் வைக்கவில்லை. ஓபுஸ்ஸோன் முறையில் பழகிய கண்ணுக்கு இது முரடாகப் பட்டதில் வியப்பில்லை. பாராட்டியோரும் இருந்தனர், பண்படாத வேலை என்று முகம் சுளித்தோரும் இருந்தனர். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் லோசானின் போக்கையே மாற்றியது அந்த முரட்டு வேலைதான்.

இங்கு மேனாட்டு விமர்சகர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. போலந்தியரின் முரட்டுத்தன்மையைப் புரட்சி என்று எழுதினார்கள். மரபை உடைக்கவேண்டும் என்ற வேட்கையால் எழுந்தது என்றார்கள். அந்த நாட்டில் நல்ல கம்பளி கிடைக்கவில்லை என்ற எளிய உண்மையை அதே அழுத்தத்துடன் எழுதியவர் சிலரே. போரில் வார்சாவின் பெரும்பகுதி இடிந்துபோயிருந்தது. கடையில் சாயமேற்றிய உயர்தர நூல் எங்கே இருக்கும்? கிடைத்த கயிற்றைக் கொண்டு நெய்தார்கள். பின்னாளில் அபாகனோவிச் ஆற்றங்கரைகளில் கழித்துப்போட்ட பழங்கயிறுகளைச் சேகரித்து, அவற்றின் புரிகளைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினார். வறுமையைக் கலைக்கொள்கை என்று மொழிபெயர்ப்பது அயல்நாட்டுக் கூடங்களின் பழைய வழக்கம். அதற்காக அம்மையாரின் பெருமை குறைந்துவிடாது. கிடைத்த கயிற்றை நல்ல கம்பளியைப்போல் நடிக்கவைக்க அவர் முயலவில்லை. கயிறு கயிறாகவே இருந்து என்ன சொல்லும் என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது.

1965 ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ஸா பாவ்லோ கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. எந்தப் பிரிவில்? பயன்கலைப் பிரிவில். பானை, நாற்காலி, விளக்குத்தண்டு இவற்றோடு வைத்து எண்ணப்படும் பிரிவு. பதக்கம் தந்த கையே வரம்பும் தந்தது. நெய்தது என்றால் அது கைத்தொழில்; செதுக்கியது என்றால் அது கலை. ஐரோப்பா இப்படிப் பிரித்து வைத்திருந்தது.

முஸ்லிம் உலகம் அவ்வாறு பிரித்ததில்லை என்பதை இங்கு நினைவூட்டுவது தற்பெருமை ஆகாது. புனித கஅபாவுக்கு நாம் அணிவிப்பது ஒரு நெசவு. ஆண்டுதோறும் புதிதாக நெய்து போர்த்தப்படும் கிஸ்வா. கலீஃபாக்களின் காலத்தில் ‘திராஸ்’ எனப்பட்ட அரசவைத் துணியின் கரையில் கலீஃபாவின் பெயரும், நெய்த ஊரும் ஆண்டும் எழுத்தாக நெய்யப்பட்டன. நாணயத்தில் பெயர் பொறிப்பதற்கு ஒப்பான சிறப்பு அது. அரசன் ஒருவனைச் சிறப்பிக்க விரும்பினால் ஆடை போர்த்தினான். எனவே ‘நெசவு கலையாகுமா?’ என்ற ஐரோப்பியக் கேள்வி நம் முன்னோரின் செவிக்கு விளங்கியிருக்காது. ஆனால் தாத்தாரியப் பெயரைச் சுமந்த ஒரு போலந்துப் பெண்மணி, தம் வாழ்நாளின் சிறந்த பதினைந்து ஆண்டுகளை அந்தக் கேள்விக்கு விடைசொல்வதிலேயே செலவிட வேண்டியிருந்தது.

அவருடைய விடையின் பெயர் ‘அபாகான்’. 1964 இல் ஒரு விமர்சகர், இவற்றைத் திரைச்சீலை என்பதா, சிற்பம் என்பதா என்று தெரியாமல், கலைஞரின் குலப்பெயரையே சுருக்கிப் படைப்புக்குச் சூட்டினார். கேலியாகவும் கொள்ளத்தக்க அந்தப் பெயரை அம்மையார் ஏற்றுக்கொண்டார். ஏற்றதில் சூழ்ச்சி இருந்தது: இனி அவற்றை வேறு எந்தப் பிரிவிலும் அடைக்க முடியாது. மஞ்சள் அபாகான், ஆரஞ்சு அபாகான், கறுப்பு அபாகான் என்று அறுபதுகளின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக அவை பிறந்தன.

அவற்றுள் 1969 இல் நெய்த ‘சிவப்பு அபாகான்’ தலையாயது. இன்று அது இலண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. சைசல் என்னும் கற்றாழை நாரால் நெய்தது. நம் இரயில் பாதையோரங்களில் வேலிபோல் வளருமே, அந்தக் கற்றாழையின் நார்தான். நான்கு மீட்டர் உயரம்; அகலமும் ஏறத்தாழ அவ்வளவே. விட்டத்திலிருந்து தொங்குகிறது, சுவரைத் தொடுவதில்லை. வட்டமாய் விரிந்த ஒரு பெரும்பரப்பு. நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு. அதன் ஓரங்கள் உதடுகள்போல் மடிந்து முன்னே தள்ளி நிற்கின்றன. முன்னின்று நோக்கினால் ஒரு பெரிய அங்கி தொங்குவது போலிருக்கும்; பக்கவாட்டில் சென்றால் குகை வாயிலாகிவிடும்; பின்னே சென்றாலோ நெசவின் முடிச்சுகளும் தையல்களும் ஒளிவுமறைவின்றிக் கண்ணில் படும். திரைச்சீலைக்குப் பின்புறம் என்ற ஒன்றை நாம் பார்ப்பதே இல்லை; அபாகானுக்குப் பின்புறமும் முகமே. மனித உருவம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் உடல் ஒன்றின் அருகில் நிற்கிறோம் என்ற உணர்வு தோன்றிவிடுகிறது. உருவம் தீட்டாமலே உயிரின் வெப்பத்தைக் காட்டுவது நம் கலைமரபுக்கு அயலானதன்று. நம் பக்கத்து வாசகர்களுக்கு அபாகான்கள் எளிதில் நெருக்கமாகும் என்று நான் எண்ணுவது இதனாலேயே.

அதே 1969 ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் நார்க்கலைக்கென்று ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. மில்ட்ரெட் கான்ஸ்டன்டைன், ஜாக் லெனார் லார்சன் என்ற இருவர் அமைத்தது. உலகின் தலைசிறந்த கூடம் நாரையும் கயிற்றையும் உள்ளே அழைத்தது பெரிய செய்தி. ஆனால் அழைப்பிதழில் இருந்த தலைப்பு என்ன? ‘சுவர்த் தொங்கல்கள்’. சுவரை விட்டு இறங்குவதற்கென்றே பிறந்த ஒரு படைப்பைச் சுவரின் பெயரால் அழைத்தார்கள்! சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா அக்கண்காட்சியைப் பற்றி ஒரு கைத்தொழில் இதழில் எழுதியபோது, இவை நுண்கலைக்கும் பயன்கலைக்கும் இடையில் எங்கோ நிற்பவை, அலங்காரத்திலிருந்து விடுபடாதவை என்ற கருத்தைத் தெரிவித்தார். பிற்காலத்தில் அதே பூர்ஷ்வா அம்மையார் பழந்துணிகளைத் தைத்து உருவங்கள் செய்தார். அவற்றைச் சிற்பம் என்று அழைக்க எவரும் தயங்கவில்லை. காலம் செய்யும் வேடிக்கை இது.

அயல்நாட்டுக் கூடங்கள் அம்மையாருக்குத் தந்த பெருங்கொடை யாது என்று கேட்டால், உயரமான கூரை என்பேன். இதனை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஓரறை வீட்டில் சுருட்டி வைத்திருந்ததைத் தொங்கவிட நான்கு மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வேண்டும். அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவரல்லர் அவர். தாமே சென்று, விளக்கு எங்கே, நிழல் எங்கே, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆள் நுழையும் வழி எவ்வளவு என்று வகுத்தார். ஒரே அபாகான்கள் ஒவ்வொரு நகரத்திலும் வெவ்வேறு காடாக நின்றன. எடின்பரோ நகரில் 1972 இல் பெருங்கயிறு ஒன்றைக் கண்காட்சிக் கூடத்தின் வெளியே கொண்டுவந்து ஊரின் கட்டடங்களோடு பிணைத்தார். கண்காட்சி எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாதபடி செய்ததே அதன் நயம். பயணத்திற்கு ஏற்ற கலை இது என்பதும் கவனிக்கத்தக்கது. கல்லும் வெண்கலமும் எல்லை கடக்கப் படும் பாட்டை நெசவு படுவதில்லை. மடித்துச் சுருட்டிக் கொண்டுபோகலாம். கடவுச்சீட்டை அரசு தன்வசம் வைத்திருந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகத் தந்து திரும்ப வாங்கிக்கொண்ட நாட்டில் வாழ்ந்தவருக்கு அது சிறிய செய்தியாக இருந்திருக்காது.

எழுபதுகளின் நடுவில் அவர் அபாகான்களை நிறுத்திவிட்டார். தறியையும் மெல்ல விட்டார். கோணிச்சாக்கை எடுத்து, ஒரு மனித உடலின் அச்சில் பொருத்திப் பசையிட்டு இறுக்கி, முதுகுகளைச் செய்யத் தொடங்கினார். 1976 முதல் 1980 வரை செய்த ‘முதுகுகள்’ எண்பது. தலையில்லை, கால்களில்லை, முன்புறம் வெறும் குழிவு. தரையில் குந்தியவாறு, எல்லாம் ஒரே திசை நோக்கி, வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. 1980 இல் வெனிஸ் நகரின் ஈராண்டுக் கண்காட்சியில் போலந்து நாட்டின் சார்பாக அவரே பங்கேற்றார். இருபது ஆண்டுகளுக்குமுன் அவருடைய கண்காட்சியை மூடிய அதே அரசு, இப்போது தன் மண்டபத்தை அவரிடம் ஒப்படைத்தது! அங்கு அவர் வைத்த ‘கருவியல்’ என்ற படைப்பில் சாக்குத்துணியால் உருட்டித் தைத்த முட்டைகளும் கிழங்குகளும் போன்ற எண்ணூறு உருண்டைகள் சிறியவும் பெரியவுமாகக் குவிந்து கிடந்தன.

முதுகுகளைக் கண்டவர்கள் நாட்டுக்கு நாடு ஒரே வகையான கேள்வியைக் கேட்டார்கள் என்று அம்மையார் கூறியிருக்கிறார். இது ஆஷ்விட்ஸ் வதைமுகாமா? பெரு நாட்டின் சமயச் சடங்கா? இராமாயண நடனமா? எல்லாவற்றுக்கும் ஆம் என்று தாம் சொல்லலாம், ஏனெனில் தம் படைப்பு மனிதகுலம் முழுமைக்கும் பொதுவானதைப் பற்றியது என்பது அவர் அளித்த விடை. இந்த விடையை மேன்மையானதென்று பலர் போற்றுகிறார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஆம் என்று சொல்வது உலகக் கண்காட்சிகளில் பழகிப்போனவரின் நாகரிகம். அப்படிச் சொன்னால் எல்லா நாட்டாரும் மகிழ்ந்து செல்வர். எவரும் மீண்டும் ஒருமுறை பார்க்கமாட்டார்.

நான் ஒன்று சொல்கிறேன். முஸ்லிம் ஒருவர் அந்தப் படத்தைக் காணும்போது அவர் நெஞ்சில் முதலில் எழுவது தொழுகை அணியே. எனக்கும் அதுவே எழுந்தது. குனிந்த முதுகுகள், ஒரே திசை, ஒரே வரிசை. ‘இது தொழுகையா?’ என்று நான் கேட்டிருந்தால் அம்மையார் ஆம் என்றிருப்பார். ஆனால் உற்று நோக்குங்கால் அது பிழை என்று படைப்பே சொல்கிறது. தொழுகை அணியில் தோளோடு தோள் சேரவேண்டும், இடைவெளி விடலாகாது. இங்கே எந்த முதுகும் அடுத்த முதுகைத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து செல்லும் வெளி. அணியில் நிற்பவன் இமாமின் பின்னே, கஅபாவை நோக்கி நிற்கிறான். இவை எதை நோக்குகின்றன? எதிரில் ஒன்றுமில்லை. ஒரே ஆணைக்கு ஒன்றாகக் குனிந்தும் ஒருவரையொருவர் அறியாத கூட்டம் இது. பதின்மூன்று வயதில் சிப்பாய்களைக் கண்டு, பின்னர் ஊர்வலங்களும் முழக்கங்களும் நிறைந்த நாட்டில் வாழ்ந்தவரின் அச்சம் அதில் உறைந்திருக்கிறது. அந்த அச்சத்திற்கு ஊரும் ஆண்டும் உண்டு. ஆம் என்று பொதுவாகச் சொல்லும்போது அவை கரைந்துபோகின்றன. கலைஞரின் விடையைக் காட்டிலும் கலை நேர்மையானது.

அவர் தறியை ஏன் விட்டார் என்பதற்கு வருவோம். நார்க்கலைஞர் என்று அழைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. சிற்பி என்றே அறியப்பட விழைந்தார். பின்னாளில் வெண்கலத்துக்கும் மரத்துக்கும் இரும்புக்கும் சென்றார். சிகாகோ நகரின் பூங்கா ஒன்றில் 2006 இல் அவர் நிறுவிய ‘அகோரா’வில் 106 இரும்பு உருவங்கள், ஒவ்வொன்றும் ஆளைவிட உயர்ந்தவை, தலையின்றி நடக்கின்றன. உலகப் புகழ் சேர்ந்தது. ஆயினும், நெசவு சிற்பத்துக்கு ஒப்பானது என்று வாதிட வந்தவர், இறுதியில் உலோகத்தின் வழியாகவே அந்த மேடையில் நிலைத்தார் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பா போட்டிருந்த ஏணியை அவர் சாய்க்கவில்லை, அதன்மீது ஏறினார். இரும்பு உருவங்கள் கூட்டமாக நின்றும் சிவப்பு அபாகான் ஒன்று தனியே தொங்குவதற்கு ஈடாகவில்லை என்பது என் துணிபு. பாதி வென்றார் என்று முன்னே சொன்னது இதனைக் கருதியே.

2017 இல் அம்மையார் மறைந்தார். லோசானின் ஈராண்டுக் கண்காட்சியோ அவருக்கு முன்பே, 1995 இல் நின்றுபோயிற்று. 2022 நவம்பரில் இலண்டனின் டேட் மாடர்ன் கூடத்தில் அபாகான்களை மட்டுமே நடுநாயகமாக வைத்து ஒரு பெருங்கண்காட்சி திறந்தது. 2023 இல் லோசானிலும் நடந்தது. வெண்கலத்துக்கு அல்லாமல் நாருக்கே உலகம் திரும்பி வந்திருக்கிறது. அவர் விட்டுச்சென்றதை அவருக்குப்பின் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் எனலாம்.

இதனைப் படிக்கும் நம் வீடுகளிலும் நாரின் கலை இல்லாமல் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயமேற்றி, பருத்திப் பாவில் நெய்யும் பாய், கைக்குட்டைபோல் மடிக்கத்தக்கது. எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு அங்கிருந்து பாய் சென்றதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வர். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் நம் இலக்கிய ஏடுகளின் கலைப் பக்கங்களில் கவிதைக்கும் இசைக்கும் இடமுண்டு; பாய்க்கு இடம் தந்த கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். அது நமக்கும் பயன்பொருள்தான். கலை என்ற சொல்லை நாம் அதற்குச் செலவிடுவதில்லை.

அண்மையில் உறவினர் இல்லம் ஒன்றில் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள், ஒரு திருமணப் பாய். மணமகன் பெயர் ஒரு முனையில், மணமகள் பெயர் ஒரு முனையில், நடுவில் திருமண நாள். எழுத்தின் வளைவுகள் கோரையில் வழுவாமல் அமைந்திருந்தன. அர்தபீல் கம்பளத்தில் மக்ஸூதின் பெயர் இருக்கிறது. போலந்து அம்மையாரின் பெயரோ படைப்பின் பெயராகவே ஆயிற்று. பாயை நெய்தவர் யார் என்று கேட்டேன். பத்தமடையில் யாரோ ஓர் அம்மா என்றார்கள்.